சிறப்பு தரிசன வரிசையில் கால்பந்து

2019 மார்ச் 9, சனிக்கிழமை. சென்னையிலிருந்து திருத்தணிக்கு மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தேன். வாராவாரம் வருகிற ரயில்தான். கையில் போன். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி.க்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஐ-லீக்கின் கடைசி நாள் ஆட்டம். ஜெயித்தால் சாம்பியன். ஜெயிக்காமல் போய், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தை வென்றுவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. பெரம்பூர் தாண்டுவதற்குள் மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. சரி, நம்ம ராசி அவ்வளவுதான் என்று போனைப் பையில் வைத்தேன். இரண்டு ஸ்டேஷன்கூடத் தாங்கவில்லை, மறுபடி எடுத்தேன். திருவள்ளூர் வரும்போது பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். திருவாலங்காடு பக்கம் சிக்னல் போச்சு. அரக்கோணத்தில் சிக்னல் திரும்பியபோது 3-1. கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் போட்டிருந்தார்.

கத்திவிட்டேன். எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "இன்னா தம்பி, கிரிக்கெட்டா?"

"இல்லம்மா, ஃபுட்பால். நம்ம தமிழ்நாட்டு டீம் இந்தியாவுலயே ஃபர்ஸ்ட் வந்துடுச்சி."

"அப்படியா, நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டு அவர் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் முதலில் பின்தங்கி, பிறகு 2-1 என்று ஜெயித்திருந்தது. ஆகவே அந்த இரண்டு கோல் இல்லாவிட்டால் கோப்பை இல்லை. 20 ஆட்டங்களின் முடிவில் சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தேசிய லீக் என்று ஒன்று 1996-ல் தொடங்கியதிலிருந்து அதை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி. இந்தியன் வங்கி அணி அந்தப் பழைய தேசிய லீகில் ஆடிய நாட்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் எடை புரியும்.

இப்போது இன்னொரு பட்டியலைப் பாருங்கள். அதே 2018-19 பருவம், இந்தியன் சூப்பர் லீக், சுருக்கமாக ஐ.எஸ்.எல். பத்து அணிகள். பத்தாவது இடத்தில் சென்னையின் எஃப்.சி. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி, 9 புள்ளி. முந்தைய ஆண்டு சாம்பியன் அவர்கள்தான். கால்பந்தில் இப்படியும் நடக்கும், அதில் கேவலம் ஒன்றுமில்லை.

கேவலம் அதற்கப்புறம் நடந்தது. சில மாதங்கள் கழித்து, 2019 அக்டோபரில், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீக் ஆனது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்குப் போனது. ஒரே மாநிலத்தின் இரண்டு அணிகள். ஒன்று தன் லீகில் கடைசி, அது முதல் டிவிஷனில் இருக்கிறது. இன்னொன்று தன் லீகில் சாம்பியன், அது இரண்டாம் டிவிஷனில் இருக்கிறது. களத்தில் நடந்த எதுவும் இதை முடிவு செய்யவில்லை. உலகத்தில் எத்தனையோ விதமாக அணிகள் கீழே இறங்கியிருக்கின்றன; கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கிய அணி நம்முடையது.

நான் சாஃப்ட்வேர்காரன். எங்கள் தொழிலில் பழைய சிஸ்டத்தை நிறுத்துவது தினசரி வேலை. புதிது ஒன்றைக் கட்டுவோம், பழையதில் இருக்கும் தரவையெல்லாம் ஒன்றுவிடாமல் புதியதுக்கு மாற்றுவோம், இரண்டையும் கொஞ்சநாள் சேர்த்து ஓட்டுவோம், கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை அணைப்போம். இதற்குப் பெயர் மைக்ரேஷன். 2019-ல் செய்ததை மைக்ரேஷன் என்று யாராவது சொன்னால் என் டீமில் சேர்க்க மாட்டேன். அவர்கள் சர்வரின் வயரைப் பிடுங்கினார்கள். அதிலிருந்த தரவு என்று நான் சொல்வது கோயம்புத்தூரின் ஒரு பருவம், ஐஸாலின் ஒரு பருவம், ஸ்ரீநகரின் ஒரு பருவம்.

ஏனென்றால் அந்தக் கடைசிச் சில ஆண்டுகளில்தான் ஐ-லீக் உண்மையிலேயே லீக்காக இருந்தது. 2016-17-ல் ஐஸால் எஃப்.சி. மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்தி சாம்பியன் ஆனது. அதற்கு முந்தைய பருவத்தில் கீழே தள்ளப்பட்டு, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி அது. 2017-18-ல் மினர்வா பஞ்சாப். 2018-19-ல் சென்னை சிட்டி. அதற்கு முந்தைய ஆண்டு பத்து அணிகளில் எட்டாவதாக வந்து தப்பித்த அணி. அதே ஆண்டு மூன்றாவதாக வந்தது ரியல் காஷ்மீர். இரண்டாம் டிவிஷனை ஜெயித்து மேலே வந்த முதல் பருவத்திலேயே மூன்றாமிடம். மூன்று ஆண்டும் கோப்பை யாருக்கு என்பது கடைசி நாளில்தான் முடிவானது. மூன்று ஆண்டும் ஜெயித்தது யாரும் எதிர்பார்க்காத ஊர். இந்தியக் கால்பந்தில் சுவாரஸ்யம் இல்லை என்று அந்த நேரத்தில் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த டிவியில் ஐ-லீக் ஆட்டங்களைப் பருவத்தின் பாதியில் குறைத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

"ரெண்டாம் தர லீகின் சாம்பியன்தானே, ஐ.எஸ்.எல்.லில் ஆடியிருந்தால் தெரிந்திருக்கும்" என்பவர்களுக்கு ஒரு தகவல். 2019 சூப்பர் கோப்பை, புவனேஸ்வர். அந்த ஆண்டின் ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி. அந்த ஆண்டின் ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டி. காலிறுதியில் மோதினார்கள். சென்னை சிட்டி 2, பெங்களூரு 1.

*

இங்கே ஒரு சின்னப் பயணம் போய்வரலாம். எங்கள் ஊர் திருத்தணியின் ஜனத்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 45 ஆயிரம். அட்லாண்டிக் கடலின் வடக்கே ஃபேரோ தீவுகள் என்று இருக்கிறது. டென்மார்க்கின் கீழ் தன்னாட்சி கொண்ட நாடு. மொத்த ஜனத்தொகை சுமார் 54 ஆயிரம். எங்கள் நகராட்சியோடு பக்கத்து நாலைந்து ஊராட்சிகளைச் சேர்த்தால் அந்த நாடு வந்துவிடும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு எங்கள் மலைக்கு வருகிற கூட்டத்தில் அது காணாமலே போய்விடும்.

அந்த நாட்டில் 1942-லிருந்து லீக் நடக்கிறது. இப்போது முதல் டிவிஷனில் பத்து அணிகள், ஒவ்வொன்றும் 27 ஆட்டம். கீழே வந்தால் இறங்க வேண்டும், அடுத்த டிவிஷனில் ஜெயித்தால் ஏறலாம். மழையும் காற்றும் ஓயாத ஊர்கள், செயற்கைப் புல் தரை, பல ஆட்டக்காரர்களுக்குப் பகலில் வேறு வேலை. அங்கே கிளாக்ஸ்விக் என்றொரு மீன்பிடி ஊர், சுமார் ஐயாயிரம் பேர். நம்ம பக்கம் இதை டவுன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த ஊர் அணி 2022-ல் தன் நாட்டு லீகை ஜெயித்தது. ஜெயித்ததால், 2023 ஜூலையில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றுக்குப் போனது. புடாபெஸ்டில் ஹங்கேரியின் மிகப் பெரிய அணியான ஃபெரென்ட்ஸ்வாரோஷை 3-0 என்று வீழ்த்தியது. பிறகு ஸ்வீடன் சாம்பியன் ஹேக்கனைப் பெனால்டியில் தாண்டியது. கடைசியில் கான்ஃபரன்ஸ் லீகின் குரூப் சுற்றில் ஆடியது. அங்கே பிரான்சின் லில் அணியோடு 0-0.

இதைப் படித்ததும் "அற்புதம், சின்ன ஊரின் பெரிய கனவு" என்று நம்ம ஆட்கள் ஸ்டேட்டஸ் போடுவார்கள். போட்டார்கள், நானும் போட்டேன். ஆனால் இதில் அற்புதம் ஒன்றும் இல்லை. இது வெறும் விதி. நாட்டு லீகை ஜெயித்தால் அடுத்த படி திறக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், ஜெயித்தார்கள், திறந்தது. அந்த விதியை யாரும் நடுவில் மாற்றவில்லை. ஃபேரோவின் தேசிய அணி 2022-ல் துருக்கியை 2-1 என்று ஜெயித்ததும் இப்படி எண்பது ஆண்டு விதி மாறாமல் ஆடியதன் பலன்தான் என்று நினைக்கிறேன்.

கிளாக்ஸ்விக்கின் சொந்த மைதானம் குரூப் சுற்றுக்குரிய தரத்தில் இல்லை. அந்த ஆட்டங்களைத் தலைநகர் டோர்ஸ்ஹவனில் ஆடினார்கள். கடலுக்கடியில் போகும் சுரங்கச் சாலை வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நம் சாம்பியனுக்கும் இதே பிரச்சினை வந்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு சென்னை சிட்டிக்கு 'சொந்த மைதான' ஆட்டம். நடந்தது அகமதாபாத்தில். கோயம்புத்தூரிலிருந்து சாலைவழியில் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல். 0-1 என்று தோற்றார்கள். தமிழ்நாட்டு அணி ஒன்று ஆசிய சாம்பியன்ஸ் லீகின் வாசலில் நின்ற ஒரே ஆட்டம், அதைத் தமிழ்நாட்டில் ஒருவரும் நேரில் பார்க்க வழியில்லை. மார்ச்சில் ஆசியக் கோப்பைப் போட்டியில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2. பிறகு கோவிட். 2021-22 ஐ-லீக்கின் அணிப்பட்டியலை எடுத்துப் பாருங்கள், சென்னை சிட்டி என்ற பெயரே இருக்காது. சாம்பியன் ஆகி மூன்று ஆண்டு முழுசாக முடியவில்லை.

*

என் வாதத்துக்கு எதிரானதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கடிதம் எழுதுவார்கள். சென்னை சிட்டி ஒன்றும் படிப்படியாக ஏறி வந்த அணி கிடையாது. சென்னை லீகில் ஆடிய கிளப்தான் என்றாலும், 2016-17-ல் ஐ-லீக்குக்குள் வந்தது நேரடி ஏலத்தின் வழியாக. முதலில் சென்னையில் ஆடி, பிறகு கோயம்புத்தூருக்கு மாறியது. பெயரில் சென்னை, ஊர் கோவை. இந்தக் குழப்பத்தைக் கோவைக்காரர்கள் பெருந்தன்மையோடு மன்னித்தார்கள். கோல் போட்டவர்கள் ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களிலிருந்து வந்தவர்கள். மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். 2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆக, இது மண்ணின் மைந்தர் கதை என்று நான் விற்க வரவில்லை.

ஆனால் அந்த அணியில் நெய்வேலியின் எட்வின் சிட்னி வான்ஸ்பால் இருந்தார். குமரி மாவட்டக் கடற்கரையான இரவிபுத்தன்துறையின் ரெஜின் இருந்தார். அவர் அண்ணன் சூசைராஜ் முந்தைய பருவத்தில் அதே அணியின் கேப்டன். ரோமாரியோ ஜேசுராஜ், பிரவித்தோ ராஜு, அஜித்குமார், ஸ்ரீராம் என்று பட்டியல் போகும். ஸ்பெயின்காரர்களோடு சேர்ந்து இவர்கள் ஒரு முழுப் பருவம் ஆடி, நாட்டின் சாம்பியன் ஆனார்கள். அணி உள்ளே வந்த வழி ஏலம். சாம்பியன் ஆன வழி 20 ஆட்டம். முதலாவதைக் காட்டி இரண்டாவதை அழிப்பது எந்த ஊர் நியாயம்?

ஐ.எஸ்.எல். வந்ததால் நல்லதே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆட்டக்காரர்களின் சம்பளம் கூடியது. புல் தரை புல் தரையாக ஆனது. நந்தகுமார் சேகர், தன்பால் கணேஷ் மாதிரி வடசென்னைப் பையன்களின் முகம் டிவியில் தெரிந்தது. நான் ஏறுகிற ரயில் வியாசர்பாடியைத் தாண்டும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். இதையெல்லாம் மறுத்தால் நான் பொய்யன். நான் கேட்பது வேறு. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸோடு 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. ஒரு நாட்டின் விளையாட்டை இப்படி வருஷக் குத்தகைக்கு விடுவது எங்கள் பக்கம் ஏரி மீன் குத்தகை மாதிரி. குத்தகை முடியும்போது ஏரியில் என்ன இருக்கும் என்று குத்தகைக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. 2025 ஜூலையில், குத்தகை முடிய ஐந்து மாதம் இருக்கும்போது, ஒப்பந்தம் தெளிவாகும்வரை ஐ.எஸ்.எல். பருவத்தை நிறுத்திவைக்கிறோம் என்று நடத்துகிற நிறுவனம் கடிதம் அனுப்பியது. எந்த முதல்நிலை லீகுக்காக ஒரு சாம்பியனைக் கீழே தள்ளினார்களோ, அந்த லீக் அந்த செப்டம்பரில் தொடங்கவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் கோவாவில் இந்தியா சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது.

"இப்போதுதான் ப்ரமோஷன் வந்துவிட்டதே" என்பார்கள். வந்தது. 2022-23-லிருந்து ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம். பஞ்சாப் போனது, முகமதன் ஸ்போர்ட்டிங் போனது. 2024-25-ல் சர்ச்சில் பிரதர்ஸுக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, பிறகு சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசிதான் சாம்பியன் என்று ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. நம்ம லீகில் யார் முதலிடம் என்று கண்டுபிடிக்க லோசான் வரை போக வேண்டியிருக்கிறது. சரி, ஏறுவதற்காவது வழி இருக்கிறது. இறங்குவதற்கு? அத்தனை பருவத்திலும் கடைசியாக வந்த எந்த அணியும் ஐ.எஸ்.எல்.லிலிருந்து கீழே இறக்கப்படவில்லை. காசு கொடுத்து வாங்கிய இடம், எப்படிப் பிடுங்குவது என்ற தயக்கம்.

எங்கள் மலைக்கு 365 படி. வருஷத்தின் ஒரு நாளுக்கு ஒரு படி என்பார்கள். டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, பாட்டுப் பாடி ஏறுவார்கள். காரில் நேரே மேலே போகவும் சாலை உண்டு. மேலே போனால் பொது தரிசனம், சிறப்பு தரிசனம் என்று இரண்டு வரிசை. முழங்கால் வலிக்காரர் காரில் வரட்டும், அவசரக்காரர் டிக்கெட் வாங்கட்டும், எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கோயிலில்கூட சிறப்பு தரிசனம் வந்துவிட்டது என்று படிகளை இடித்துத் தள்ளவில்லை. கால்பந்தில் தள்ளினார்கள்.

*

இனி நம்ம பக்கம். சம்மேளனத்தையும் அம்பானியையும் திட்டுவது சுலபம், அதற்கு யாரும் அடிக்க வர மாட்டார்கள்.

மரடோனா இறந்தபோது தமிழ் இலக்கிய உலகம் அழுத அழுகை எனக்கு நினைவிருக்கிறது. கோல் கீப்பராக இருந்த கம்யூவை மேற்கோள் காட்டாமல் நாம் கால்பந்துக் கட்டுரை எழுதுவதே கிடையாது. கலியானோவைப் படித்திருக்கிறோம். ராத்திரி பன்னிரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து மாட்ரிட் ஆட்டம் பார்க்கிறோம். லிவர்பூலின் துறைமுகத் தொழிலாளர் வரலாறு தெரியும். இப்படிப்பட்ட நாம், 2018 அக்டோபர் 26-ல் சென்னை சிட்டி முதல் ஆட்டத்தில் இந்தியன் ஆரோஸை 4-1 என்று ஜெயித்ததிலிருந்து மார்ச் 9 வரை, ஐந்து மாதம், என்ன எழுதினோம்? நான் எழுதியது பூஜ்யம். அந்தப் பருவத்தில் கோவைக்கு நான் ஒரு முறையும் போகவில்லை. பெங்களூருக்கு மூன்று முறை போனேன், மூன்றும் ஆபீஸ் வேலை. கோப்பை ஜெயித்த அன்று ரயிலில் கத்தினேனே, அந்தக் கத்தலுக்கு எனக்கு என்ன உரிமை என்று இப்போது யோசிக்கிறேன். அந்தப் பூக்கார அம்மாவுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அவருக்குத் தெரியாது. நான் தெரிந்தே போகவில்லை.

2019 இன்னொரு விதத்திலும் விசேஷமான ஆண்டு. மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீகின் இறுதி ஆட்டம். மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்துச் சாம்பியன் ஆனது. ஒரே பருவத்தில் ஆண்கள் லீக், பெண்கள் லீக் இரண்டு கோப்பையும் தமிழ்நாட்டில். வங்கமோ கேரளமோ இதைச் செய்திருந்தால் தெருவுக்குத் தெரு பேனர் நின்றிருக்கும். நாம் என்ன செய்தோம்? அக்டோபரில் தீபாவளிக்கு 'பிகில்' வந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி ஜெயிப்பதைப் பார்த்து விசில் அடித்து, கண்ணீர் விட்டு, வீட்டுக்கு வந்தோம். ஜெயித்த நிஜ அணியில் ஒரு பெண்ணின் பெயர் தியேட்டரில் யாருக்காவது தெரிந்திருக்குமா? படத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, முதல் நாள் பார்த்தவன் நான். நம்மிடம் கால்பந்துப் பண்பாடு இல்லை என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். இல்லாத பண்பாட்டுக்கு டிக்கெட் வாங்க வேண்டாம் பாருங்கள்.

*

திருத்தணியில் எங்கள் செட்டில் இடது விங் ஆடியவன் ஒருத்தன். பேர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. பிளஸ் டூ வரை வெறும் காலில் ஆடினான். பந்து அவன் காலுக்கு வந்தால் பக்கத்து கிரவுண்டில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ரெண்டு தடவை சென்னையில் செலக்‌ஷனுக்குப் போனான். ஒரு தடவை ரயில் லேட். இன்னொரு தடவை நாற்பது பேரை இருபது நிமிஷம் ஆடவிட்டு, போன் பண்றோம் என்றார்கள். இப்போது மலையடிவாரத்தில் பூசைப் பொருள் கடை வைத்திருக்கிறான். கிருத்திகைக்கு அவனைப் பார்க்க முடியாது, அவ்வளவு கூட்டம். மற்ற நாட்களில் கல்லாவில் உட்கார்ந்து போனில் ஐரோப்பிய லீகுகள் பார்ப்பான். ஃபேரோ தீவுகளைப் பற்றி எனக்குச் சொன்னதே அவன்தான்.

போன மாதம் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"அந்தக் கோயம்புத்தூர் டீம் இப்ப எந்த லீக்ல ஆடுதுடா?" என்றான்.

"எதுலயும் இல்லடா."

"இன்னாத்துக்கு? தோத்துட்டானுங்களா?"

"ஜெயிச்சானுங்க. அதுக்கப்புறம்தான்."

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செலக்‌ஷன்ல போறவன் ஊரை விட்டுப் போறான்டா. உன்னை மாதிரி" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் சொன்னதை ஒரு வாரம் சுமந்துகொண்டிருந்தேன். நம் நாட்டில் எல்லாமே செலக்‌ஷன்தான். ஐ.ஐ.டி. செலக்‌ஷன், கேம்பஸ் செலக்‌ஷன், விளையாட்டில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷன், அகாடமி செலக்‌ஷன். ஆயிரம் பேரில் ஒருவனைப் பொறுக்கி எடுத்து ரயில் ஏற்றிவிடுவார்கள். அவன் ஏறுவான். அவன் ஊர் அங்கேயே இருக்கும், ஒரு நல்ல விங்கர் குறைந்து. இரவிபுத்தன்துறைக்காரனும் நெய்வேலிக்காரனும் அப்படி ரயில் ஏறியவர்கள்தான். ஃபேரோவில் கிளாக்ஸ்விக் என்ற ஊரே ஏறியது. பகலில் வேலைக்குப் போகிறவன், சாயங்காலம் ஆடுகிறவன், டிக்கெட் கிழிக்கிறவன், மழையில் கொடி பிடிக்கிறவன் எல்லோரும் ஒன்றாக புடாபெஸ்ட் போனார்கள். லீக் என்றால் அதுதான் என்று எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது. 2019-ல் கோவை ஒரு ஐந்து மாதம் அப்படி ஏறிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சியாளரிடம் கேட்டேன். திருத்தணியில் நாங்கள் ஒரு அணி ஆரம்பிக்கிறோம், பக்கத்து ஊர்களையெல்லாம் ஜெயிக்கிறோம், அடுத்து எங்கே போகலாம்? "நல்லா ஆடுற பசங்களை சென்னைக்கு செலக்‌ஷனுக்கு அனுப்புங்க சார்" என்றார். அணியை எங்கே அனுப்புவது என்று மறுபடி கேட்டேன். கேள்வி அவருக்குப் புரியவில்லை. அவர் மேல் தப்பில்லை. முப்பது வருஷமாக அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

தமிழ்நாடு அரசும் மாநிலச் சங்கமும் அவருக்கு ஒரு பதில் கொடுக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை. சென்னை வீதியில் ஃபார்முலா 4 கார் ஓட்டிக்காட்டிய அரசுக்கு இது காசே கிடையாது. ஊர் அணி மாவட்ட லீகில், மாவட்டச் சாம்பியன் மாநில லீகில், மாநிலச் சாம்பியன் தேசிய லீகின் கடைசிப் படியில். நடுவில் யாரும் ஏலம் விடக் கூடாது, பருவத்துக்கு நடுவில் விதியை மாற்றக் கூடாது, கடைசியாக வந்தவன் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் இறங்க வேண்டும். இந்தியாவின் முதல்நிலை லீகை யார் நடத்துவது என்று டெல்லியில் அடித்துக்கொள்ளட்டும். கீழ்ப்படிகளைக் கட்ட அவர்கள் அனுமதி தேவையில்லை.

நானும் நண்பனும் ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தோம். திருத்தணி, திருவள்ளூர், ஆவடி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு. எட்டு அணி. சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடினால் அணிக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. சனி, ஞாயிறு மட்டும் ஆடினாலும் நாலு மாதத்தில் முடிந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியும் புத்தூரும் கேட்டால் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு சின்ன விவாதம் நடந்தது. 1960 ஏப்ரல் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள், வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு, சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். பந்து, ரெஃப்ரி படி, கோல் வலை, பஸ் டிக்கெட் என்று அவன் கணக்கை எழுதிக்கொண்டே போனான். கடைக்கு வந்தவர்களுக்கு நடுவில் கற்பூரம் எடுத்துக் கொடுத்தான். எழுதி முடித்ததும் பேப்பரைத் திருப்பி வைத்துக்கொண்டு, பள்ளிப்பட்டில் ஆட்டம் முடிந்து வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.